கதவு எண்ணும் கசகசப்பும்: சிகாகோ புழுக்கம் பற்றி ஒரு சிற்றாராய்ச்சி

புழுக்கத்தை அளக்க அறிஞர்கள் எதை எதையோ முயன்றிருக்கிறார்கள். ஈரம் பட்டால் தலைமயிர் நீளும் என்பதைக் கண்டு, மயிரையே கருவியாக்கி ஈரப்பதமானி செய்தார் 18ஆம் நூற்றாண்டு ஜெனிவாக்காரர் சோஸ்யூர். ஜெனிவாவும் ஓர் ஏரிக்கரை ஊர்தான் என்பதை ஆய்வுலகம் இன்னும் போதிய அளவு வியக்கவில்லை. வழுக்கைத் தலையர்களும் கையாளத்தக்க ஒரு முறையை இக்கட்டுரை முன்வைக்கிறது: வீட்டுக் கதவு எண். சோதனைக் களம், மிச்சிகன் ஏரிக்கரையில் இருக்கும் சிகாகோ.

அந்த ஊருக்குக் கதவு எண் வகுத்துக் கொடுத்தவர் எட்வர்ட் பிரென்னன். சிறு வயதில் அப்பாவின் கடை மளிகைச் சாமான்களை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தவர். பிறகு பாக்கி வசூலிக்கத் தெருத் தெருவாக அலைந்தவர். விலாசம் தேடி நொந்தவர் போட்ட திட்டம் 1909இல் நடைமுறைக்கு வந்தது. ஸ்டேட் தெருவும் மேடிசன் தெருவும் சந்திக்கும் முனை பூஜ்யம். அங்கிருந்து எண்கள் ஏறும். பெரும்பாலும் 800 எண்ணுக்கு ஒரு மைல். ஏரி ஊருக்குக் கிழக்கே கிடப்பதால், மேற்குக் கதவு எண் என்பது ஏரியிலிருந்து அந்த வீடு எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதன் தோராயக் கணக்கும் ஆகிவிடுகிறது. கரை வளைவதால் வடக்கே போகப் போகக் கணக்கு கொஞ்சம் பிசகும். பாக்கி வசூலிப்பவருக்கு இது ஒரு பொருட்டில்லை.

இனி நூற்பா: மேற்கு எண் ஏற ஏறச் சட்டை முதுகில் ஒட்டும்.

இதற்கு உரை வருமாறு. ஜூன் மாதப் பிற்பகல் ஒன்றில், நார்த் அவென்யூ கடற்கரையில் (ஏரிக்கரையை அவ்வூரார் கடற்கரை என்றே சொல்கிறார்கள், மணலும் அலையும் மறுகரை தெரியாத தண்ணீரும் இருப்பதால் மறுப்பதற்கில்லை) இருப்பவருக்கு முழங்கை மயிர் சிலிர்க்கும். அதே அவென்யூவில் மேற்கே நடந்து ஹால்ஸ்டட் தெருவின் 800ஐத் தாண்டும்போது மேல்பொத்தான் கழலும். வெஸ்டர்ன் அவென்யூவின் 2400இல் கைக்குட்டை வெளியே வரும். சிசரோ அவென்யூவின் 4800இல் சட்டை முதுகோடு முதுகாகிவிட்டிருக்கும். கரைக்கும் உள்ளூருக்கும் ஏழெட்டு டிகிரி செல்சியஸ் வித்தியாசம் இருப்பது அங்கே அதிசயமே இல்லை. அதனால்தான் வானிலை அறிக்கை வாசிப்பவர்கள் ‘ஏரியோரம் சற்றுக் குளிர்ச்சி’ என்பதை வசந்தத்திலும் கோடையிலும் மந்திரம்போல் ஓதிவிட்டு மேலே போகிறார்கள்.

காரணம் எளிது. வெயிலில் நிலம் சட்டென்று சூடேறும். 281 மீட்டர் வரை ஆழமுள்ள ஏரி அவ்வளவு லேசில் அசைந்து கொடுக்காது. நிலத்துச் சூட்டுக் காற்று மேலே எழ, அந்த இடத்தை நிரப்ப ஏரியின் குளிர்காற்று கரையேறி உள்ளே நடக்கும். அப்படி நடந்து வரும் காற்றின் முன்விளிம்பு ரேடார் திரையில் மெல்லிய கோடாகத் தெரிவதுண்டு. காற்றுக்கு உருவம் ஏது? விளிம்பில் வந்து குவியும் பூச்சிகளும் தூசியும்தான் அந்தக் கோடு. சிகாகோவின் சுகத்துக்கும் அவதிக்கும் நடுவிலுள்ள எல்லையைப் பூச்சிகள் வரைந்து காட்டுகின்றன.

இங்கே ஏரியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் கட்சியார் எழுந்து நிற்பார்கள். ‘அவ்வளவு பெரிய தண்ணீர் பக்கத்தில் இருந்தால் புழுங்காமல் என்ன செய்யும்?’ என்பது அவர்கள் வாதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, பொருந்தாது. குளிர்ந்த நீரின் மேலுள்ள குளிர்ந்த காற்றால் அதிக ஈரத்தைச் சுமக்க முடியாது. புழுக்கத்தைக் காட்டும் நம்பகமான அளவு பனிநிலை, அதாவது காற்று எந்த வெப்பநிலைக்குக் குளிர்ந்தால் அதிலுள்ள ஈரம் துளிர்க்கத் தொடங்கும் என்பது. அது 24 டிகிரியை நெருங்கினால் வேர்வை உலர மறுக்கிறது. ஜூன் ஏரித் தண்ணீரோ அதைவிட வெகுவாகச் சில்லிட்டுக் கிடக்கும். உண்மையான குற்றவாளிகள் வெளியூர்க்காரர்கள். ஒருவர், தெற்கே மெக்சிகோ வளைகுடாவிலிருந்து ஈரத்தைச் சுமந்துகொண்டு ஆயிரம் மைல் வரும் காற்று. இன்னொருவர் மக்காச்சோளம்.

சிரிக்க வேண்டாம். சிகாகோ இருக்கும் இலினாய் மாநிலத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் சோளக்கொல்லைதான். முற்றி நிற்கும் ஒரு ஏக்கர் சோளம் நாளொன்றுக்கு 11,000 முதல் 15,000 லிட்டர் வரை நீரை இலை வழியே காற்றில் விடுகிறது என்பது அமெரிக்க நிலவியல் அளவைத் துறையின் கணக்கு. சென்னைத் தெருவில் வந்து நிற்கும் தண்ணீர் லாரி ஒன்றை ஏக்கர் தோறும் தினமும் ஆகாயத்தில் கவிழ்த்தது போல. ஜூலைக் கடைசியில் இதற்கு ‘சோள வேர்வை’ என்றே அங்கே பெயர். ஆக, சிகாகோக்காரர் முதுகில் வழிவது பாதி அவருடையது, பாதி சோளத்தினுடையது என்று கொள்க.

அடுத்த மறுப்பு சென்னையிலிருந்து வரும். ‘முப்பத்திரண்டு டிகிரிக்கா இத்தனை கூப்பாடு? எங்கள் ஊரில் அது மார்கழி கழிந்ததும் வரும் சங்கதி.’ நியாயமான கேள்வி. ஆனால் சூட்டுக்கு உடம்பு பழக ஒன்றிரண்டு வாரம் தேவை. ஏப்ரலில்கூடப் பனி பார்க்கும் ஊரில் அந்த அவகாசம் கிடைப்பதில்லை. வீடும் ஒத்துழைக்காது. மூன்று அடுக்குச் செங்கல் வீட்டின் மேல்தளத்தை எடுத்துக்கொள்வோம். தலைக்கு மேல் தார் பூசிய தட்டைக் கூரை. சுவரோரம், ஏழு மாதத்துக்கு முன் உயிர் காத்த வெந்நீராவிக் குழாய். விட்டத்தில் மின்விசிறிக்கு வழியே இல்லை. ஒரே ஒரு ஜன்னலில் ஏசிப் பெட்டியைச் செருகி, பக்கத்து இடைவெளியை அட்டையாலும் ஒட்டுநாடாவாலும் அடைத்திருப்பார்கள். அது அறையைக் குளிர்விப்பதைவிட, கீழே நடந்து போகிறவர் பிடரியில் சொட்டுவதில்தான் அக்கறை காட்டும். மத்தியானம் குடித்த சூட்டைச் செங்கல் சுவர் ராத்திரி முழுக்கத் திருப்பிக் கொடுக்கும்.

விளையாட்டுச் சான்றும் உண்டு. ஊரின் பேஸ்பால் அணியான கப்ஸின் ரிக்லி ஃபீல்டு மைதானம் ஏரியிலிருந்து ஒரு மைல் அளவில்தான். ஏரிக்காற்று உள்ளே வீசினால், எல்லை தாண்ட வேண்டிய பந்து நடுவானில் மனம் மாறி விழும். காற்று வெளிப்புறமாக அடித்தால் கதையே வேறு: 1979 மே 17 அன்று அப்படிப்பட்ட காற்றில் பிலடெல்பியா 23, சிகாகோ 22 என்று ஆட்டம் முடிந்தது. பேஸ்பால் தெரியாதவர்கள், கால்பந்தில் 23-22 என்று எண்ணிப் பார்த்தால் போதும். அந்த மைதானத்தில் 1988 ஆகஸ்ட் வரை விளக்கே கிடையாது; உள்ளூர் ஆட்டமெல்லாம் பகல் வெயிலில்தான்.

வெப்பநிலைச் சாதனைகளையும் கதவு எண்ணைப் பார்த்தே படிக்க வேண்டும். நகரின் அதிகாரபூர்வ உச்சம் 40.6 டிகிரி; 1934 ஜூலை 24 அன்று, அப்போதைய பதிவு நிலையமான சிகாகோ பல்கலைக்கழக வளாகத்தில் பதிவானது. அது ஸ்டேட் தெருவுக்கும் கிழக்கே, ஏரிக்குப் பக்கத்து வீடு. முந்தின நாள் உள்ளே தள்ளியிருந்த மிட்வே விமான நிலையத்தில் 42.8. ஆனால் அது கணக்கில் சேராது. 1980 முதல் நகரத்தின் வெப்பமானி ஓஹேர் விமான நிலையத்தில் இருக்கிறது. முகவரி எண் 10000 மேற்கு. விமானம் பிடிப்பவர்களின் புழுக்கமே சட்டப்படி ஊரின் புழுக்கம்.

நூற்பா பொய்த்த நாட்களும் உண்டு. அவற்றை மறைப்பது ஆய்வு நேர்மை ஆகாது. 1919 ஜூலை 27, சுடும் ஞாயிறு. அன்று கரையும் சுகம் தரவில்லை. யூஜின் வில்லியம்ஸ் என்ற 17 வயதுக் கறுப்பினச் சிறுவன் மிதந்தபடி, வெள்ளையர் தமக்கென்று வைத்திருந்த 29ஆம் தெருக் கரையின் பக்கம் போய்விட்டான். தண்ணீரில் கோடு எதுவும் இல்லை. கல் வந்தது, அவன் மூழ்கி இறந்தான். அதைத் தொடர்ந்த கலவரத்தில் 38 பேர் மாண்டார்கள்.

1995 ஜூலையில் மிட்வேயில் 41 டிகிரி தொட்டது. இரவிலும் சூடு தணியவில்லை. அந்த ஒரு வாரத்தில் வழக்கத்தைவிட 739 பேர் கூடுதலாக இறந்தார்கள். பெரும்பாலும் முதியவர்கள், பலர் தனியாக வாழ்ந்தவர்கள். உடல்களை வைக்கக் குளிர்பதன லாரிகள் வரவழைக்கப்பட்டன. சமூகவியலாளர் எரிக் கிளினென்பர்க் அடுத்தடுத்து இருக்கும் இரு பகுதிகளை ஒப்பிட்டார்: வடக்கு லான்டேல், தெற்கு லான்டேல். மேற்கு எண் ஏறத்தாழ ஒன்றுதான், ஏரியிலிருந்து தூரமும் ஒன்றுதான். இறப்பு விகிதமோ வடக்கில் பத்து மடங்கு. தெற்கில் கடைகளும் ஆள் நடமாட்டமுமாகத் தெரு உயிரோடு இருந்ததால் கிழவர்கள் துணிந்து வெளியே வந்தார்கள். வடக்கில் காலி மனைகளும் பயமும் அவர்களைக் கதவுக்குள் பூட்டி வைத்தன என்பது அவர் முடிவு. கதவு எண் தூரத்தைச் சொல்லும். கதவைத் தட்ட ஆள் உண்டா என்பதைச் சொல்லாது. இந்த இடத்தில் நமது முறை தோற்றது.

நிவாரணம் தேடியதிலும் அவ்வூர் முன்னோடிகளில் ஒன்று. இறைச்சி கெடாமல் காத்த நகரம், மனிதரைக் குளிர்விக்க வெகு தூரம் யோசிக்க வேண்டியதில்லை. குளிர்பதனக் கிடங்கு நிறுவனத்தில் வேலை பார்த்த பார்னி பாலபான், கூட்டாளிகளோடு 1917இல் திறந்த சென்ட்ரல் பார்க் தியேட்டர், இயந்திரத்தால் குளிரூட்டப்பட்ட ஆரம்பகால சினிமாக் கொட்டகைகளில் ஒன்று. படம் எப்படி இருந்தாலும் மக்கள் உட்கார்ந்திருப்பார்கள் என்ற வணிக உண்மை அத்தோடு நிலைபெற்றது. அந்தக் குளிரில் தமிழாய்வும் உட்கார்ந்ததுண்டு: 2019 ஜூலையில் பத்தாவது உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு சிகாகோவில் நடந்ததாகச் சொல்லப்பட்டாலும், நடந்த இடம் ஷாம்பர்க். ஏரிக்காற்று எப்போதாவது எட்டிப் பார்க்கும் புறநகர். ஏரியும் ஏரி சார்ந்த இடமுமாகிய ஆறாம் திணையை ஏசி மண்டபத்திலிருந்து காண வழியில்லை.

இதிலிருந்து கிளைக்கும் ஒரு துணை ஆய்வு நிதியுதவிக்குக் காத்திருக்கிறது: ஊரே புழுங்கும்போது சிகாகோ அலுவலகங்களில் நாற்காலி முதுகுதோறும் ஸ்வெட்டர் தொங்குவது ஏன்? பாதி விடை ஏற்கெனவே உண்டு. அலுவலகக் குளிருக்கான அளவுகோல், 1960களில் 40 வயது, 70 கிலோ ஆண் ஒருவரின் உடற்சூட்டை வைத்து வகுக்கப்பட்டது என்று 2015இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் இருவர் எழுதினார்கள். அந்த ஆசாமிக்குக் குளிரவில்லை. மற்றவர்கள் ஜூலையில் கம்பளி கொண்டு போகிறார்கள்.