விடியட்டும் அண்ணாச்சி

விடியட்டும் அண்ணாச்சி என்பவர், சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் பல வருஷமாகக் குடியிருக்கும் உடம்பில் திடீரென்று எது வந்தாலும் அதை மறுநாள் காலைக்கு ஒத்திவைப்பவர். தமிழ்நாடு முழுவதும் காணப்படுகிறார். தென்காசி மாவட்டத்து வீரகேரளம்புதூர்ப் பக்கத்து வகைக்கு மட்டும் சில தனிக் குணங்கள் உண்டு.

முதல் குணம், நோயோடு கொண்ட நெருக்கம். பத்து வருஷம் மாத்திரை விழுங்கியவர் பாதி டாக்டர் என்பது அவர் கொள்கை. மீதிப் பாதிக்கு மருந்துக்கடைப் பையன் இருக்கிறான். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வாசலுக்கே வருகிறது. மருத்துவமே மக்களைத் தேடி வரும்போது மக்கள் எதற்காக மருத்துவத்தைத் தேடிப் போக வேண்டும் என்று கேட்கிறார். இதில் ஒரு நியாயமும் உண்டு. நாள்பட்ட நோயாளிக்குத் தினமும் ஏதாவது ஒன்று இருக்கும்: பாதத்தில் எரிச்சல், எழுந்தால் கிறுகிறுப்பு, மத்தியானம் அசதி. அத்தனைக்கும் ஆஸ்பத்திரிக்கு ஓடினால் பிழைப்பு நடக்காது. பொறுக்கப் பழகியது தப்பில்லை. நேற்று வரை இல்லாமல் இன்று முளைத்ததையும் அந்தப் பழைய பற்றிலேயே எழுதிக்கொள்வதுதான் தப்பு.

இரவு பதினொரு மணிக்கு அவருக்குக் குப்பென்று வேர்க்கிறது. “சாரல் நின்னுட்டுல்லா, புழுக்கம்.” இடது கை கனக்கிறது. “காலைல மூடை தூக்குனேன்.” மேல்வயிற்றில் ஏதோ அடைக்கிறது. “வாயு.” இதற்குள் பன்னீர் சோடா வருகிறது, ஓமத்தண்ணீர் வருகிறது, பெருங்காயம் கலந்த மோர் வருகிறது, ஒரு ஏப்பமும் வந்துவிட்டால் நோய் தீர்ந்ததாக அறிவிக்கப்படுகிறது. ஆனால் மாரடைப்பு வந்தவருக்கும் ஏப்பம் வரும். நீண்ட நாள் சர்க்கரை நரம்புகளைக் கெடுத்துவிடுவதால் நெஞ்சுவலியே இல்லாமலும் மாரடைப்பு வரலாம். அப்போது வேர்வை, மூச்சுத் திணறல், காரணம் தெரியாத அசதி, மேல்வயிற்று வலி, தாடையில் இழுப்பு இவையே அடையாளம். வாயுவா இதயமா என்று பிரித்துச் சொல்லும் வேலையை ஈசிஜியும் ரத்தப் பரிசோதனையும் செய்யும், சோடா செய்யாது. அடைபட்ட ரத்தக்குழாய் அடைபட்டே இருக்கும் ஒவ்வொரு நிமிஷமும் இதயத் தசை செத்துக்கொண்டிருக்கிறது. முதல் வேளை மருந்தை உள்ளூரிலேயே கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதற்காக 2023இல் இதயம் காப்போம் திட்டம் வந்தது. அதற்கும் அண்ணாச்சி கட்டிலை விட்டு எழுந்தாக வேண்டும்.

வாய் ஒரு பக்கம் கோணுவது, தூக்கிய கை தானே இறங்குவது, பேச்சு குழறுவது ஆகியவை பக்கவாதத்தின் அடையாளங்கள். அண்ணாச்சி இவற்றைத் தூக்கக் கலக்கம் என்ற தலைப்பில் சேர்க்கிறார். மூளை ரத்தக்குழாயில் அடைத்த கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு, அறிகுறி தொடங்கியதிலிருந்து பொதுவாக நாலரை மணி நேரமே கெடு. பதினொரு மணிக்கு வாய் கோணினால் கெடு மூன்றரைக்கு முடிந்துவிடும். வீரகேரளம்புதூரில் மூன்றரைக்கு விடிவதில்லை. தூங்கி எழுந்து போனாலோ, எப்போது தொடங்கியது என்று டாக்டர் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்ல வீட்டில் ஆள் இருக்காது.

இப்படி ஒத்திப்போடப்படும் மூன்றாவது ஆபத்து, சர்க்கரை இறங்குவது. கை நடுங்கும், வேர்க்கும், பசி பிடுங்கும், பேச்சு தடுமாறும். அளவு 70க்குக் கீழே போனால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, 15 நிமிஷம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். இந்த மூன்றில் வீட்டிலேயே சரிசெய்யத் தொடங்கக்கூடியது இது ஒன்றுதான். இதற்குத்தான் அண்ணாச்சி சம்மதிப்பதில்லை. “சுகர்காரனுக்கே சீனியா?” என்கிறார், கல்யாண வீட்டில் பாயசத்தை இரண்டாம் தரம் கேட்டு வாங்கியவர். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, உடனே ஆஸ்பத்திரிதான். நினைவு தெளிந்தாலும், சில சர்க்கரை மாத்திரைகள் மணிக்கணக்கில் மறுபடி மறுபடி இறக்கும் என்பதால் காட்டிவிடுவதே நல்லது.

ஒத்திவைப்பதற்கான காரணங்களில் முதலிடம் தூரத்துக்கு. தென்காசி 2019இல் திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தனி மாவட்டம் ஆனது. அங்குள்ள அரசு ஆஸ்பத்திரிதான் மாவட்டத் தலைமை மருத்துவமனை. அண்ணாச்சியோ இன்னும் பழைய ஜில்லாவிலேயே வசிக்கிறார். “தென்காசிக்குப் போனா திருநெல்வேலி ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பிருவாவ. அதுக்கு விடியட்டுமே.” இந்தத் தூரம் ராத்திரி ஆஸ்பத்திரிக்கு மட்டும்தான் நீளும். கூட்டம் சேருமுன் குற்றால அருவியில் தலையைக் கொடுக்க மூன்று மணிக்கே வண்டி எடுப்பதும், செங்கோட்டைப் பக்கம் பார்டர் பரோட்டாவுக்குப் பத்து மணிக்குக் கிளம்புவதும் பக்கத்தில் போய்வருவதாகவே கருதப்படும். இரண்டாவது காரணம் மானம். போய்ப் பார்த்து ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டால் ஊர் சிரிக்குமே என்கிறார். ஒன்றுமில்லை என்பதற்காக ஆஸ்பத்திரியில் யாரையும் கோபித்துக்கொள்வதில்லை என்பது அவருக்கு இன்னும் தெரியவரவில்லை.

இவரிடம் இன்னொரு குணமும் உண்டு. மற்றதையெல்லாம் பொய்யாக்குகிற குணம். அடுத்த வீட்டில் யாருக்காவது நெஞ்சைப் பிடித்தால் முதலில் ஓடுகிற ஆள் இவர்தான். “ஏல, என்ன யோசன? 108க்குப் போடு” என்று அதட்டுவார், சோடா வாங்க ஓடும் பையனைத் திட்டுவார், ஆம்புலன்ஸில் தானே ஏறி உட்கார்ந்து, விடிய விடிய வராந்தாவில் முழித்திருப்பார். எப்போது கிளம்ப வேண்டும் என்பது இவருக்கு அத்துப்படி. அந்த அறிவு சொந்த வீட்டு வாசற்படியைத் தாண்டி உள்ளே வருவதில்லை, அவ்வளவுதான்.

ஆகவே இந்த வகையினருக்கான மருந்தும் அவர்களிடமே இருக்கிறது. அதை எடுத்துக் கொடுப்பவர் பெரும்பாலும் மனைவி. சோடாவைத் தேடாமல் ஒரே ஒரு கேள்வி கேட்கிறார்: “இதே மாதிரி எதுத்த வீட்டு மாமாவுக்கு வேர்த்தா என்ன செய்வியன்னு சொல்லுங்க.” அண்ணாச்சி பதிலைச் சொல்லி முடிப்பதற்குள் அந்த அம்மா 108ஐ அழுத்தியிருக்கிறார்.