கம்பி கட்டின கதை

ஆதியில் ஸ்பீக்கருக்கென்று தனிக் கம்பி கிடையாது. மேஜை விளக்குக்குப் போகிற கம்பியில் நாலு முழம் வெட்டி, நுனியைப் பல்லால் உரித்து, ஆம்ப்ளிஃபயரின் முதுகில் முறுக்கிவிட்டால் பாட்டு வந்துவிடும். அமெரிக்காவில் 1970கள் வரை இதுதான் வழக்கம். கடைக்காரரே கொசுறாகக் கொடுத்துவிடுவார்.

1979இல் சான்ஃபிரான்சிஸ்கோவில் நோயல் லீ அவதரித்தார். லேசர் ஆய்வுக்கூடத்து இன்ஜினியர், டிரம்மர் வேறு. விதவிதமான கம்பிகளை மாட்டி, சைக்கோவ்ஸ்கியின் ‘1812’ஐப் போட்டுப் போட்டுக் கேட்டார். பீரங்கி வெடிக்கிற சங்கீதம் அது. அக்கம்பக்கத்தார் பட்ட பாட்டை வரலாறு குறித்துவைக்கவில்லை. தடித்த கம்பிதான் உசத்தி என்று தீர்மானித்து, ‘மான்ஸ்டர் கேபிள்’ என்று பூதத்தின் பெயரையே வைத்தார். கொசுறுக்குத் தனி பில் பிறந்தது.

1983இல் ‘ஸ்டீரியோ ரிவ்யூ’ பத்திரிகை ஒரு வம்பு செய்தது. எந்தக் கம்பி ஓடுகிறது என்று சொல்லாமலே காதுகளைப் பரீட்சைக்கு உட்காரவைத்தது. நூல் மாதிரி இருந்த 24 கேஜ் கம்பி மாட்டிக்கொண்டது. ஆனால் பாட்டு ஓடும்போது பூதம் எது, 16 கேஜ் விளக்குக் கம்பி எது என்று பிரிக்கக் காதுகள் திணறின. திணறாமல் என்ன செய்யும்? பத்தடி தூரத்துக்குப் போய்வர 16 கேஜ் கம்பியின் மின்தடை சுமார் 0.08 ஓம். ஸ்பீக்கருடையது 8 ஓம். நூற்றில் ஒரு பங்கு! கல்யாணப் பந்தி சாம்பாரில் ஒரு கல் உப்பு.

2007இல் ‘ஆன்ஜூ’ என்றொரு கேபிள் சந்தையில் இருந்தது. 12 அடி ஜோடி 7,250 டாலர். ஆவி, மாந்திரீகப் புரட்டர்களை மடக்குவதற்கென்றே 10 லட்சம் டாலர் பரிசு வைத்திருந்த மேஜிக்காரர் ஜேம்ஸ் ராண்டி, “இதையும் மான்ஸ்டரையும் பார்க்காமல் கேட்டுப் பிரித்துச் சொல்லுங்கள், பணம் உங்களுக்கு” என்றார். நேற்றைய பூதம் அதற்குள் சாதாக் கம்பி ஆகிவிட்டதைக் கவனியுங்கள்! ஒரு விமர்சகர் நான் தயார் என்று முன்வந்தார். அதுவரை கம்பி கட்டின கதை சொன்ன கேபிள்காரர்களோ, கம்பி நீட்டினார்கள். பரீட்சை நடக்கவே இல்லை.

இதற்காக யாரும் கம்பி எண்ணவுமில்லை. எப்படி எண்ணுவார்கள்? வாங்கியவர் பொய்யா சொல்கிறார்? பில்லைப் பார்த்தபின் அவர் காதில் வயலின் நிஜமாகவே இனிக்கிறது. பரீட்சைக்காரர்கள் மறைத்தது கம்பியை அல்ல, அந்த பில்லைத்தான்.