மீட்பு வட்டு இயல்

நூல் தொடங்குமுன் நுதலிய பொருள், கேட்போர், பயன் ஆகியவற்றைச் சொல்லிவிடுவது மரபு. இவ்வியல் நுதலிய பொருள், பூட் சிடி, அதாவது எழ மறுக்கும் கணினியைக் கிளப்பும் மீட்பு வட்டு. கேட்போர், இன்றைக்குக் கணினி நன்றாக ஓடிக்கொண்டிருப்பவர்கள். நின்றுபோனவர்களும் கேட்கலாம், ஆனால் வட்டைச் செய்ய அவர்கள் இன்னொருவர் கணினியைத் தேடிப் போக வேண்டும். பயன், கோப்புகள் உயிரோடு மீள்வது.

கணினி எழாமல் போவதற்குப் பெரிய அழிவு எதுவும் நேர வேண்டியதில்லை. பழைய பயாஸ் முறையில், பொத்தானை அழுத்தியதும் ஹார்ட் டிஸ்க்கின் முதல் 512 பைட்டுகள் படிக்கப்படும். அதில் 446 பைட்டு தொடக்க நிரல், 64 பைட்டு பகிர்வு அட்டவணை, கடைசி இரண்டும் அடையாளக் குறி. இந்தத் துளி கெட்டாலே திரை கறுத்துவிடும். பின்னால் இருக்கும் கல்யாணப் படங்களும் கணக்கும் ஆய்வேடும் அப்படியே இருக்கும். இது தெரியாததால்தான், கடையில் "ஃபார்மட் பண்ணிடலாமா?" என்று கேட்டதும் மக்கள் தலையாட்டிவிடுகிறார்கள். ஆட்டக் கூடாது.

சிடியிலிருந்து கணினியைக் கிளப்பும் முறைக்கு, ஃபீனிக்ஸும் ஐபிஎம்மும் 1995இல் 'எல் டொரிட்டோ' என்ற விதிமுறையை வகுத்தன. அதுவரை 1.44 எம்பி ஃபிளாப்பிதான் கதி. 2000இல் ஜெர்மனியின் கிளவுஸ் நாப்பர் நாப்பிக்ஸை வெளியிட்டார். சுமார் 2 ஜிபி மென்பொருளைச் சுருக்கி 700 எம்பி சிடிக்குள் அடக்கிய லினக்ஸ் அது. ஹார்ட் டிஸ்க்கில் நிறுவாமலே, சிடியையும் நினைவகத்தையும் கொண்டு ஓடும். ஒருமுறை மட்டும் எழுதக்கூடிய சிடி என்றால், நோயாளியைத் தொட்டும் நோய் ஒட்டாத மருத்துவரைப் போன்றது. எந்த வைரஸும் அதற்குள் நுழைய முடியாது. இந்தப் பண்பை நான் பெரிதும் மதிக்கிறேன்.

செய்முறையில் பிழை வருவது ஓரிடத்தில்தான். இப்படிப்பட்ட வட்டு, இணையத்தில் ஐஎஸ்ஓ என்ற ஒரே கோப்பாகக் கிடைக்கும். இறக்கிய ஐஎஸ்ஓவைச் சாதாரணக் கோப்பாகச் சிடியில் போட்டால் அது பூட் ஆகாது; 'இமேஜ்' ஆகவே பர்ன் செய்ய வேண்டும். முடித்த வட்டைத் திறந்து பாருங்கள். பல கோப்புறைகள் தெரிந்தால் சரி. ஒற்றை ஐஎஸ்ஓ கோப்பு மட்டும் கிடந்தால் வட்டு வீண். சிடி டிரைவ் இல்லாத மடிக்கணினிக்குப் பென்டிரைவ் போதும். ரூஃபஸ் போன்ற நிரல் அதில் உள்ளதையெல்லாம் அழித்துவிட்டுத்தான் எழுதும்.

கணினி வட்டிலிருந்து எழுந்ததும் பழுதுபார்க்கக் கை துறுதுறுக்கும். பொறுங்கள், முதல் வேலை, கோப்புகளை வேறொரு டிஸ்க்குக்கு நகலெடுப்பது. டிஸ்க்கில் படிக்க முடியாத பகுதிகள் இருந்தால் டிடிரெஸ்க்யூ என்ற நிரலை ஓட்டுங்கள். அது நல்ல பகுதிகளை முதலில் எடுத்துக்கொண்டு, கெட்டவற்றுக்குப் பிறகு திரும்பும். பகிர்வு அட்டவணையை மீட்க டெஸ்ட்டிஸ்க் என்ற நிரல் இருக்கிறது. அதெல்லாம் நகலெடுத்த பிறகுதான்.

புதிய விண்டோஸ் கணினி வைத்திருப்போருக்கு ஒரு வார்த்தை. விண்டோஸின் குறியாக்க வசதியான பிட்லாக்கர் டிஸ்க்கைப் பூட்டியிருந்தால், எந்த வட்டு போட்டாலும் 48 இலக்க மீட்புச் சாவி இல்லாமல் டிஸ்க்கைப் படிக்க முடியாது. அந்தச் சாவியை இன்றே தாளில் எழுதிக்கொள்ளுங்கள். வட்டையும் இன்றே செய்து, ஒருமுறை அதிலிருந்து பூட் செய்து பார்த்துவிட்டுப் பத்திரப்படுத்துங்கள்.