ஆபீஸ் பக்கம், சம்பளம் தூரம்

ஐயப்பன்தாங்கலில் குடியிருப்பவனுக்கு ஹெச்.ஆர். வீசும் முதல் தூண்டில், "ஆபீஸ் உங்க வீட்டுக்குப் பக்கம்தானே சார்!" தூரத்துச் சிறுசேரிக்குக் கூப்பிடும் கம்பெனிகள் இதைச் சொல்ல முடியாது, பாவம், அவர்கள் சம்பளம்தான் கொடுத்தாக வேண்டும். எனக்கு வந்த வேலை மணப்பாக்கத்தில். மவுண்ட்-பூந்தமல்லி சாலையில் ஆறேழு கிலோமீட்டர். மெட்ரோவுக்குத் தூண் நட்டுக்கொண்டிருந்த காலம் அது. போரூரைத் தாண்டுவதற்குள் பஸ்ஸில் ஒரு தூக்கம் போட்டு எழுந்துவிடலாம். அந்தப் 'பக்கத்து'க்கும் சேர்த்துச் சம்பளத்தில் கழித்திருந்தார்கள்.

ஆண்டுக்கு 6 லட்சம் சி.டி.சி. அம்மா சாமிக்குச் சூடம் ஏற்றினாள். அப்பா பன்னிரண்டால் வகுத்து, "மாசம் 50,000!" என்று பக்கத்து வீட்டுக்கும் கேட்கும்படி சொன்னார்.

சி.டி.சி. என்பது கம்பெனி நமக்காகச் செலவழிப்பதாகச் சொல்லிக்கொள்ளும் தொகை. அடிப்படைச் சம்பளம் 20,000. அதில் 12 சதவீதம், அதாவது 2,400, கம்பெனி கட்டும் பி.எஃப். அதுவும் அந்த 50,000-க்குள்தான். என் பங்கு இன்னொரு 2,400. கிராஜுவிட்டி 4.81 சதவீதம், ஐந்து வருஷம் தாக்குப்பிடித்தால் கண்ணில் காட்டுவார்கள். வேரியபிள் 5,000, கம்பெனிக்கு லாபமும் மேனேஜருக்கு மனசும் ஒரே வருஷத்தில் வந்தால் கிடைக்கும். இன்சூரன்ஸ், தொழில் வரி எல்லாம் போகக் கைக்கு வருவது 38,000 சொச்சம். நான் ஏற்கெனவே வாங்கிக்கொண்டிருந்தது 36,500.

"வர்ற லட்சுமிகிட்ட பேரம் பேசாதடா," என்றார் அப்பா. கொசுறுக் கறிவேப்பிலை தராத காய்கறிக் கடையில் மறுபடி கால் வைக்காத மனிதர் அவர். "கேட்டா என்னங்க, குறைஞ்சா போயிடுவீங்க?" என்றாள் மனைவி. கேட்டேன்.

"பட்ஜெட் இல்லை சார்," என்றார் ஹெச்.ஆர். நிதியமைச்சரின் பட்ஜெட்டாவது பிப்ரவரியில் வெளியே வந்துவிடும். இவர்கள் பட்ஜெட்டை யாரும் பார்த்ததில்லை. "ஆனா எங்க கல்ச்சர் ரொம்ப நல்லா இருக்கும் சார்." எங்கள் ஹவுஸ் ஓனர் கல்ச்சரை வாடகையாக வாங்கிக்கொள்வதில்லை என்று பணிவாகச் சொன்னேன். "சரி சார், மொத்தத் தொகையை ஏத்த முடியலைன்னா அந்த வேரியபிளை ஃபிக்ஸட்ல சேர்த்துடுங்க," என்றேன். எதிர்முனையில் நீண்ட மௌனம். "மேனேஜ்மென்ட்ல பேசிட்டுச் சொல்றேன்."

மறுவாரம் வேரியபிளில் பாதி ஃபிக்ஸடுக்கு மாறியது. ஆண்டு மொத்தமும் 40,000 ஏறியது. "உங்களுக்காக ரொம்பப் போராடினேன் சார்," என்றார். நன்றி சொன்னேன். வேலையில் சேர்ந்தேன்.

கையில் வேலை இல்லாமல், ஈ.எம்.ஐ. தேதி நெருங்குகிறவர்கள் வந்ததை வாங்கிக்கொள்ளுங்கள். அதில் வெட்கம் எதுவும் இல்லை. மற்றவர்கள் கட்டாயம் கேளுங்கள். நாலு ரவுண்டு இன்டர்வியூ நடத்தி உங்களைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு, இன்னொருவரைத் தேடி முதலிலிருந்து ஆரம்பிப்பது உங்களைவிடப் பெரிய தலைவலி. சேர்ந்த பிறகு வரும் அப்ரைசல் எல்லாம் சேரும்போது பேசிய தொகையின் மேல் போடும் சதவீதம்தான். அடுத்த கம்பெனியும் இந்தச் சம்பளச் சீட்டைத்தான் கேட்கும். ஆகவே ஆண்டுத் தொகையைப் பார்த்துச் சூடம் ஏற்றாதீர்கள். மாதம் கைக்கு எவ்வளவு என்று எழுத்தில் வாங்கிப் பார்த்துவிட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்கள்.