எண்ணெய் வைத்தியர்

தஞ்சாவூர் ஜில்லாவில் பழைய டிராக்டர் வைத்துப் பிழைக்கிறவர்களை இரண்டு வர்க்கமாகப் பிரித்துவிடலாம்: எஞ்சின் ஆயிலைக் காலாகாலத்தில் வடித்துவிட்டுப் புது ஆயில் ஊற்றுகிறவர்கள் ஒரு வர்க்கம், வடிப்பதற்கு மனம் வராமல், இருக்கிற ஆயிலின் மேலேயே மருந்து ஊற்றிக் காலந்தள்ளுகிறவர்கள் மற்றொரு வர்க்கம். முதல் வர்க்கத்தாரைப் பற்றி எழுதுவதற்கு ஒன்றுமில்லை. ஒழுங்காக நடந்துகொள்கிறவர்கள் எழுத்தாளனுக்கு எந்தக் காலத்திலும் உபகாரம் செய்ததில்லை. இரண்டாம் வர்க்கத்தாருள் சிரேஷ்டராக, தம் வண்டிக்கு மட்டுமன்றி ஊரார் வண்டிகளுக்கும் யாரும் கேளாமலே சிகிச்சை செய்து வருகிற எண்ணெய் வைத்தியரைத்தான் இங்கே அறிமுகப்படுத்த விரும்புகிறேன்.

அவருக்கு அறுபது பிராயம் கடந்திருக்கும். வெளுத்த அரைக்கைச் சட்டை. அதன் பையில் மூக்குக் கண்ணாடி, ஒரு சிறு புனல். பேனா வைத்திருக்க வேண்டிய இடத்தில் புனல் வைத்திருக்கிறவரை நான் வேறெங்கும் கண்டதில்லை. அவருடைய டிராக்டர், 1960-ல் சென்னையில் தொடங்கப்பெற்ற டாஃபே கம்பெனியாரின் மாஸி பெர்குசன் 1035, மூன்று சிலிண்டர், வீட்டுக்கு அவருடைய மனைவியார் வருவதற்கு முன்பே வந்து சேர்ந்தது என்றும், இன்றுவரை அதற்குத்தான் முதல் மரியாதை என்றும் அந்த அம்மாளே சொல்லக் கேட்டிருக்கிறேன். கொட்டகைச் சுவரில் பிள்ளையார் படம். படத்துக்குக் கீழே பலகை. பலகையின் மேல் ஸ்கூட்டருக்கு ஊற்றுகிற 2டி ஆயில், கியர்ப் பெட்டிக்குரிய சிவப்பு எண்ணெய், மண்ணெண்ணெய், திருச்சியிலிருந்து தருவித்த நாசில் கிளீனர் டப்பா, எஞ்சினைக் கழுவுகிற திரவம், லேபிள் கிழிந்து போனதால் இன்னதென்று அவருக்கே நிச்சயமில்லாத ஒரு புட்டி. பூஜைக்கு வருகிறவர்கள் பிள்ளையாரைக் கும்பிட்டார்களா, புட்டிகளைக் கும்பிட்டார்களா என்று சொல்வது கடினம்.

அவருடைய சித்தாந்தம் எளிமையானது. குழந்தைகளுக்கு மாதந்தோறும் விளக்கெண்ணெய் கொடுத்துக் குடலைச் சுத்தம் செய்த குடும்பத்தில் வளர்ந்தவராகையால், எஞ்சினும் ஒரு வயிறுதான் என்றும், அதற்கு வரும் உபாதைகள் எல்லாவற்றுக்கும் மூலகாரணம் உள்ளே தேங்கிய அழுக்கே என்றும், ஆகவே விரேசனமே சர்வரோக நிவாரணி என்றும் அவர் திடமாக நம்புகிறார். ரிங் தேய்ந்துவிட்டது, லைனர் போய்விட்டது, வால்வு உட்காரவில்லை என்றெல்லாம் மெக்கானிக் சொல்வது, அவருடைய அபிப்பிராயத்தில், கழற்றிப் பூட்டிக் கூலி வாங்குவதற்காக ஏற்பட்ட சாஸ்திரம்.

அவருக்கு ஞானமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். புகையைப் பார்த்து நோயைச் சொல்வதில் அவருக்கு நிகரானவர் அந்தச் சுற்றுவட்டாரத்தில் இல்லை. கறுப்பாக வந்தால் காற்றுப் போதவில்லை அல்லது டீசல் அதிகம். நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது. வெண்மையாக வந்தால் டீசல் எரியாமல் வெளியேறுகிறது அல்லது தண்ணீர் உள்ளே கசிகிறது. இவ்வளவும் அவர் சொல்வது முற்றிலும் சரி. ஆனால் நோய் நிதானம் மூன்றாக இருந்தபோதிலும் சிகிச்சை ஒன்றே! அறுவடைக் காலத்தில் வைக்கோல் தூசி படிந்து ஏர் கிளீனர் அடைத்துக்கொண்டால், அதன் கிண்ணத்தைக் கழற்றி, சேறாகிப் போன பழைய எண்ணெயைக் கொட்டிக் கழுவிப் புதிதாக ஊற்றினால் கறுப்புப் புகை அன்றைக்கே தணிந்துவிடும். அப்படிப்பட்ட வண்டியின் முன்னாலும் அவர் கண்ணை மூடி ஒரு விநாடி யோசித்து, "நாசில்ல கரி புடிச்சிருக்கு, டேங்க்ல கால் லிட்டர் ஊத்து" என்றுதான் சொல்லுவார்.

புது ஆயில் ஊற்றிய சில நாட்களுக்குள் கறுத்துவிட்டால் அவருக்கு உண்டாகும் கோபம் விசேஷமானது. கம்பெனிக்காரன் ஏமாற்றிவிட்டான் என்பார். உண்மை இதற்கு நேர் விரோதம். 1930-களில் அமெரிக்காவில் காட்டர்பில்லர் கம்பெனியாரின் டீசல் டிராக்டர்களில் பிஸ்டன் ரிங்குகள் கரியில் சிக்கி ஒட்டிக்கொண்டு பெருந்தொல்லை கொடுத்தபோதுதான், அழுக்கை அகற்றும் சரக்கை ஆயிலிலேயே கலந்து விற்கிற வழக்கம் பிறந்தது. இன்று கடையில் வாங்குகிற நல்ல டீசல் எஞ்சின் ஆயில் எதிலும், படிவு சேராமல் காக்கிற பொருளும், எரிந்த கரித்தூளைத் தனித்தனியாக மிதக்கவிட்டு அடியில் தங்காமல் பார்த்துக்கொள்கிற பொருளும் கலந்தே வருகின்றன. ஆயில் கறுப்பது, அந்தக் கரியைத் தன்னிடம் வாங்கிக்கொண்டு வேலை செய்கிறது என்பதற்குப் பிரத்தியட்ச சாட்சி. வாங்கிக்கொண்டதை உரிய காலத்தில் வடித்து வெளியே விட்டு, ஃபில்டரையும் மாற்றுவது ஒன்றுதான் மனிதன் செய்ய வேண்டிய பாக்கி. அந்த ஒன்றைத்தான் நமது வைத்தியர் செய்வதில்லை. இத்தனைக்கும் மருந்துப் புட்டிகளுக்கு அவர் கொடுத்த பணத்தில் ஃபில்டர்களாக வாங்கியிருந்தால், அவருடைய பேரன் காலம் வரையில் போதும்.

அடுத்த தெருக்காரர் வண்டிக்கு அவர் செய்த வைத்தியம் ஊர்ப் பிரசித்தம். பல வருஷம் ஆயில் மாற்றாத எஞ்சின். சம்பா நடவுக்காகக் கேஜ் வீல் பூட்டிச் சேற்றுழவு நடந்துகொண்டிருந்த சமயம். கழுவுகிற திரவம் எதுவானாலும், வேலை கொடுக்காமல் சில நிமிஷம் மட்டும் எஞ்சினை ஓடவிட்டு, சூடு ஆறுமுன் எல்லாவற்றையும் வடித்துவிட வேண்டும் என்பது டப்பாவிலேயே அச்சடித்திருக்கிற விதி. நம்மவரோ, அதனுடன் தம் கைச்சரக்காக மண்ணெண்ணெயும் சேர்த்து ஊற்றி, "அப்படியே ரெண்டு மணி நேரம் உழு, நல்லா வேலை செய்யும்" என்று அனுப்பிவைத்தார். நன்றாகவே வேலை செய்தது. வருஷக்கணக்காக மூலைகளில் ஒருவருக்கும் தீங்கு செய்யாமல் குடியிருந்த சேறெல்லாம் ஒரே நாளில் பெயர்ந்து, சம்ப்புக்குள் ஆயில் பம்ப்பின் சல்லடையில் போய்ச் சேர்ந்தது. ஆயில் பிரஷர் முள் இறங்கியதை டிரைவர் கவனித்து எஞ்சினை நிறுத்தியதனால்தான் பேரிங்குகள் பிழைத்தன. மெக்கானிக் சம்ப்பை இறக்கிச் சல்லடையைக் காட்டினான்.

"பார்த்தியா தம்பி, மருந்து எவ்வளவு அழுக்கை வெளியே கொண்டாந்திருக்கு!" என்றார் வைத்தியர், சற்றும் கலங்காமல்.

"வெளியே எங்கீங்க ஐயா கொண்டாந்துச்சு? உள்ளயேதான் வீடு மாத்தியிருக்கு" என்றான் அவன்.

டீசல் விஷயத்தில் அவருடைய கொள்கை இன்னும் தாராளமானது. 2020 ஏப்ரல் முதல் நம் நாட்டு டீசலில் கந்தகம் பத்து லட்சத்துக்குப் பத்துப் பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று விதி வந்தது முதல், டீசலில் சாரமே போய்விட்டது என்று துக்கம் கொண்டாடி வருகிறார். கந்தகத்தை நீக்கும்போது டீசலின் வழுவழுப்புக் குறைவது மெய்தான். அதற்கு ஈடு செய்கிற பொருளைச் சுத்திகரிப்பு ஆலையிலேயே சேர்த்துவிடுகிறார்கள் என்பதும் மெய். அதை அவர் நம்புவதில்லை. 2டி ஆயில் ஊற்றுகிறார். அதனால் பெரிய கெடுதல் நேர்ந்ததாகத் தெரியவில்லை. மண்ணெண்ணெய்தான் ஆபத்து: ரோட்டரி பம்ப் உள்ள வண்டிகளில் பம்ப்பின் உட்பாகங்களுக்கு மசகாக இருப்பதே டீசல்தான், அதை நீர்க்கச் செய்வது பம்ப்பைப் பட்டினி போடுவதற்குச் சமானம். நாசில் கிளீனரை நான் அடியோடு தூஷிக்க மாட்டேன். இலேசான படிவாக இருந்தால் அது ஓரளவு கரைக்கக்கூடும். ஆனால் தேய்ந்துபோன நாசிலை எந்தத் திரவமும் வளரச் செய்யாது. பம்ப்புக் கடையில் ஸ்டாண்டில் மாட்டி, எத்தனை அழுத்தத்தில் திறக்கிறது, பூவாகத் தூவுகிறதா அல்லது சொட்டுகிறதா என்று பார்த்து மாற்றத்தான் வேண்டும்.

இவர் ஒருவர்தானா என்றால், இல்லை. கடல் கடந்தும் இவருடைய பங்காளிகள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் 1923 முதல் மார்வெல் மிஸ்டரி ஆயில் என்கிற சிவப்புத் திரவத்தை எஞ்சினிலும் டாங்கிலும் பரம்பரையாக ஊற்றி வருகிற விவசாயிகள் உண்டு. நம்மவரை அங்கே கொண்டுபோய் விட்டால் ஒரு வாரத்துக்குள் பஞ்சாயத்துத் தலைவராகி விடுவார்.

இவ்வளவு சொன்ன பிறகு, அவருடைய சொந்த டிராக்டர் இன்னும் எப்படி ஓடுகிறது என்று வாசகர் கேட்கலாம். நானும் இதைப் பற்றி யோசித்திருக்கிறேன். முதல் நாள் ஊற்றிய மருந்து வேலை செய்ததா என்று பார்ப்பதற்காக, தினமும் விடியுமுன் எழுந்து கொட்டகைக்குப் போகிறார். டிப் ஸ்டிக்கை இழுத்து வேட்டி நுனியில் துடைத்து மறுபடி விட்டுப் பார்க்கிறார். அளவு குறைந்திருந்தால் ஆயில் ஊற்றுகிறார். டீசல் ஃபில்டரின் கீழே கிண்ணத்தில் தண்ணீர் தெரிந்தால் திருகைத் தளர்த்தி வடிக்கிறார். ரேடியேட்டரைத் திறந்து பார்க்கிறார். எஞ்சின் சத்தம் நேற்றைக்கும் இன்றைக்கும் இம்மியளவு வேறுபட்டாலும் அவர் காதுக்குத் தப்பாது. புதுவண்டி வாங்கி மழையில் நிறுத்திவைத்திருக்கிற இளைஞர்களில் எத்தனை பேர் இவ்வளவு செய்கிறார்கள்? வண்டியைப் பிழைக்க வைப்பது இந்தத் தினசரி விசாரணைதான். கீர்த்தியைப் புட்டி வாங்கிக்கொள்கிறது.

உங்கள் ஊரிலும் இப்படி ஒருவர் இருப்பார். அவரைப் பகைத்துக்கொள்ளாதீர்கள். காலையில் வரச் சொல்லிக் காப்பி கொடுங்கள். டிப் ஸ்டிக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். புகைக்குக் காரணம் கேளுங்கள், அநேகமாகச் சரியாகவே சொல்வார். ஆயிலையும் ஃபில்டரையும் நீங்களே காலத்தில் மாற்றிவிடுங்கள். டீசல் டாங்கின் மூடிக்கு மட்டும் ஒரு நல்ல பூட்டாக வாங்கிப் போட்டுவிடுங்கள்.