மண்பாண்டம் பிரதர்

மதுரை காளவாசல் சிக்னலில் பின்னால் நிற்கும் தேனி பஸ் ஹாரன் அடித்துக் காதைக் கிழிக்கும். அப்போதும் "நல்லாருக்கீங்களா பிரதர்?" என்று கேட்டுவிட்டால் புல்லட்டை அணைத்துவிட்டுத்தான் பதில் சொல்வார். "நம்ம கையில என்னய்யா இருக்கு, நான் வெறும் மண்பாண்டம்!" பச்சை விழுவதற்குள் அந்த மண்பாண்டம் எத்தனை பேருக்கு வேலை வாங்கிக் கொடுத்தது, ஆலயத்துக்கு எத்தனை ஃபேன் போட்டது, எந்த ஐயரை எந்தச் சேகரத்துக்குத் தூக்கியடித்தது என்ற விவரமெல்லாம் வந்து சேர்ந்துவிடும்.

பெத்தானியாபுரம், பொன்மேனி, அரசரடி என்று எந்தப் பக்கம் போனாலும் இப்படி ஒருவர் தட்டுப்படுவார். சி.எஸ்.ஐ., பெந்தெகொஸ்தே, கத்தோலிக்கம் என்ற பாகுபாடு இந்த வியாதிக்கு இல்லை.

அதிகாலை நாலேகாலுக்கு வாட்ஸ்அப்பில் வசனம் அனுப்புவார். வசனத்தைப் படிக்காவிட்டாலும் கோபப்படமாட்டார். கீழே இருக்கும் நேரத்தைப் பார்த்தால் போதும். உபவாசத்தை வெளியே காட்டாதே என்கிறது மத்தேயு 6. அவரும் காட்டமாட்டார். "யார்ட்டயும் சொல்லிறாதீங்க, லெந்து முடியிற வரைக்கும் ஒருவேளைதான்" என்று சபையில் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லியிருப்பார்.

அறுப்பின் பண்டிகை ஏலம்தான் அவருக்கு மகுடாபிஷேகம். மாட்டுத்தாவணியில் கிலோக் கணக்கில் கிடைக்கும் கத்தரிக்காயை, எதிர்வரிசைக்காரர் கேட்டுவிட்டார் என்பதற்காகவே ஆயிரங்களுக்கு ஏற்றிவிடுவார். "பேரெல்லாம் சொல்ல வேண்டாம் ஐயரே" என்று அவர் சொல்வது மைக்கில் தெளிவாகக் கேட்கும்.

குறை மட்டும் சொன்னால் பாவம். நள்ளிரவில் பெரியாஸ்பத்திரியில் யாருக்காவது ரத்தம் வேண்டுமென்றால் முதலில் கையை நீட்டுபவர் அவர்தான். விடிந்ததும் ஊசியோடு போட்டோவும் வரும்.

பணிவா, பெருமையா என்ற வழக்கு மதுரைக்குப் பழையது. 1606இல் இங்கே வந்த இத்தாலிய இயேசு சபைக் குரு ராபர்ட் தெ நொபிலி, காவி உடுத்தி, பூணூலும் சந்தனமும் அணிந்து, ஒருவேளை சைவ உணவோடு துறவியாக வாழ்ந்தார். அவருக்கு முன்பிருந்தே இங்கே ஊழியம் செய்துவந்த மூத்த குரு கொன்சாலோ பெர்னாந்தஸுக்கு அது பொறுக்கவில்லை. மேலிடத்துக்குப் புகார் எழுதினார். 1623இல் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரி, பூணூலும் சந்தனமும் இருக்கலாம் என்று நொபிலி பக்கம் தீர்ப்பளித்தார். ஆனால் சாதியில் தாழ்த்தப்பட்டோரிடமிருந்து விலகி நின்ற அந்த எளிமையைப் பணிவு என்று எழுத எனக்குக் கை வரவில்லை. சாதி பார்த்துச் சம்பந்தம் பேசிவிட்டு, "கிறிஸ்துவுக்குள் நாமெல்லாம் ஒண்ணு" என்று சாட்சி சொல்லும் நம் பிரதருக்கு அந்த வழக்கு எப்போதோ முடிந்துவிட்டது.

பேதுருவைப் பற்றிப் பேசச் சொன்னால் அவர் கண்ணீர் விடுவார். யார் விட்டுப் போனாலும் நான் போகமாட்டேன் என்று அடித்துச் சொன்ன பேதுரு, சேவல் கூவுமுன் ஒரு வேலைக்காரப் பெண்ணின் கேள்விக்கே ஆடிப்போனார். மாற்கு 14ஐக் கவனித்துப் படித்தால், அந்த இரவில் மற்ற சீடர்களும் அதே சபதத்தைத்தான் செய்தார்கள், எல்லாரும் ஓடிப்போனார்கள். இதையெல்லாம் உருக்கமாக விளக்கிவிட்டு, பிரதர் குரலைத் தாழ்த்திச் சொல்வார்: "அந்த இடத்துல மட்டும் நான் இருந்திருந்தா, மறுதலிச்சிருக்கவே மாட்டேன்!"

உசியா ராஜாவின் கதையை மட்டும் அவர் தொடுவதில்லை. 16 வயதில் சிங்காசனம் ஏறி 52 ஆண்டு ஆண்டவன், கோபுரங்கள் கட்டினான், கிணறுகள் வெட்டினான். இடறியது தோற்றபோது அல்ல, பலப்பட்ட பிறகு. ஆசாரியர் வேலையையும் நானே பார்ப்பேன் என்று தூபகலசத்தோடு ஆலயத்துக்குள் நுழைந்தான். நெற்றியில் குஷ்டம் தோன்றியது. அன்று எருசலேமில் அசரியாவோடு எண்பது ஆசாரியர்கள் அவனை மறித்து நின்றார்கள். இங்கே இருப்பது ஒரே ஒரு ஐயர். அவருக்கும் மாற்றல் பயம்.

ஞாயிறு ஆராதனையில் சபையார் சேர்ந்து சொல்லும் பாவ அறிக்கையிலும் பிரதர் அரை வரி முந்திதான் ஓடுவார். பாவத்தை ஒப்புக்கொள்வதிலும் இரண்டாம் இடம் அவருக்கு ஆகாது.

சபைக் கமிட்டிகளுக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த முறை சாட்சி நேரம் வரும்போது மைக்கை முன்வரிசையில் நீட்டாதீர்கள். அன்பின் விருந்து முடிந்ததும் அண்டாக்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போகும் அக்காவைக் கூப்பிடுங்கள். அவர் மறுப்பார், கொஞ்சம் வற்புறுத்துங்கள்.