உளவாளிப் பொம்மை
1998 கிறிஸ்துமஸுக்கு அமெரிக்கர்கள் முண்டியடித்து வாங்கிய ஃபர்பி என்ற பேசும் பொம்மையை முதன்முதலில் பார்த்தால் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கும். ஆந்தை முழி, விறைத்த காது, ஓயாத அலகு. இத்தனையையும் ஆட்ட உள்ளே இருப்பது ஒரே ஒரு மோட்டார். அணைக்க மட்டும் ஸ்விட்ச் வைக்கவில்லை. வந்த விருந்தாளி மாதிரி, அதுவாகத் தூங்கினால்தான் உண்டு. இல்லையென்றால் ஸ்க்ரூடிரைவரும் கையுமாக உட்கார்ந்து பேட்டரியைக் கழற்ற வேண்டும்.

புதிதில் ஃபர்பிஷ் என்ற சொந்த பாஷையில் உளறும். போகப் போக ஆங்கிலம் கலக்கும். தான் சொல்லிக்கொடுத்துத்தான் பேசுகிறது என்று குழந்தை பூரித்துப்போகும். எல்லாம் தொழிற்சாலையிலேயே எழுதிவைத்த பாடம். காதில் விழுந்ததைப் பதிவுசெய்ய அதற்கு வழியே கிடையாது.

இது குழந்தைக்குத் தெரியாதது சரி. அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமைக்கும் தெரியவில்லை! ஊர் உலகத்துப் பேச்சையெல்லாம் ஒட்டுக்கேட்பதே தொழிலாகக் கொண்ட அந்த அலுவலகம், கேட்ட ரகசியத்தை ஃபர்பி வெளியே போய் உளறிவிடுமோ என்று வெலவெலத்து, அதை வளாகத்துக்குள் கொண்டுவரக் கூடாதென்று தடை போட்டது. தங்கள் பொம்மை உளவாளி இல்லை என்று தயாரித்த கம்பெனியின் தலைவர் சிரிக்காமல் விளக்கம் கொடுக்க வேண்டியதாயிற்று.